தொண்ணூற்றிரண்டு அழைப்புகள்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ, அத்தான், வாலுப் பெண் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் இருமல் விட்டதா?

“நாள் முழுக்கக் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிற போனை வீட்டிலும் எடுக்கச் சொல்லாதே, எழுது” என்றாய். அதனால் எழுதுகிறேன்.

இன்று நான் ஒரு மரத்தைத் தூக்கினேன். வேரும் மண்ணுமாக முழு மரம். பதினெட்டாவது மாடியில் தோட்டம் போடுகிறார்களாம். கிரேன் கொக்கியில் அது ஆடிக்கொண்டே மேலே வந்தபோது, அதன் கிளையில் ஒரு காக்கை விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தது. அறுபது மீட்டர் உயரம் வரைக்கும் ஓசிப் பயணம். நேற்று ஒரு தண்ணீர்த் தொட்டி, முந்தாநாள் ஒரு முழுப் படிக்கட்டு. பத்தொன்பது வருஷமாகக் கிரேனில் ஏறுகிறேன், ஒரு நாள் போல் இன்னொரு நாள் இல்லை.

இங்கே நண்பர்கள் உன் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். “போன் அடிக்கும், எண் சொல்வாங்க, எழுதுவா. மறுபடி போன் அடிக்கும்” என்றேன். ஒருவன், “அதுக்குச் சாவி கொடுத்த பொம்மை போதுமே” என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவிடம் மரத்தின் கதையைச் சொல். தெரு முழுக்கப் பரப்பிவிடுவாள்.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

இங்கே யாருக்கும் குறைவில்லை. அம்மாவின் இருமல் போய்விட்டது, குரல் பழையபடி திரும்பிவிட்டது. மரமும் காக்கையும் எங்கள் தெருவைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தாயிற்று. “என் மகனுக்குக் கீழேதான் பறவையே பறக்குது” என்கிறாள்.

பொம்மை விஷயத்தில் எனக்குக் கோபமில்லை. ஆனால் சொல்வதைச் சரியாகச் சொல். இந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும் இருபத்து மூன்று இடங்களில் அளவுக்கம்பம் நட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். காலை எட்டு, பதினொன்று, பிற்பகல் இரண்டு, ஐந்து என்று நான்கு முறை அவர்கள் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எனக்குச் சொல்கிறார்கள். ஆக, நாளொன்றுக்குத் தொண்ணூற்றிரண்டு அழைப்புகள். நான் திருப்பிச் சொல்லி, தாளில் எழுதி, கணினியில் ஏற்றி, மாடியில் இருக்கும் அணைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதைப் பார்த்துத்தான் மதகைத் திறப்பதும் மூடுவதும்.

என் மேசைக்கு எதிரே சுவர். அதில் எங்கள் மேலாளர் ஒட்டிய காகிதம்: ‘எண் தவிர வேறு பேச்சு கூடாது.’ நிமிர்ந்து நடந்து, அளந்து பேசுவதால் அவருக்கு அலுவலகத்தில் ‘அளவுகோல்’ என்று பெயர். பதினேழு வருஷத்தில் வேறு பிரிவு கேட்டு அவரிடம் பதினோரு விண்ணப்பம் கொடுத்தேன். பதினொன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன.

அலுப்பாக இல்லையா என்றால், இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் கடிகாரமே உட்கார்ந்துவிடும். ஆனால் இதுவரை ஓர் எண்ணைக்கூட நான் தவறாக எழுதியதில்லை. அதை உன் நண்பர்களிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். காற்று அடிக்கும்போது ஏறாதே.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமே. அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

மூன்று மாதமாக எழுதவில்லை என்று அத்தானிடம் குறைப்பட்டாயாம். வேலை அதிகம். வேறொன்றுமில்லை. இங்கே வெயில். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும், சும்மா தெரிந்துகொள்ளத்தான். மூன்று மணிக்கு மேல் கடிகாரம் உட்கார்ந்துவிடும் என்று எழுதியிருந்தாயே. அந்த மூன்றிலிருந்து ஐந்து வரை நீ என்னதான் செய்கிறாய்? தூக்கம் வந்தால்? எழுதுகிற எண் கண்ணுக்கு முன்னால் கலைந்தால்?

அம்மாவுக்கு என் அன்பு. மேலே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்.

தம்பி


ஜூன் 2

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கோடு போட்ட தாளில் வந்தது. மேல் மூலையில் பாதி ரப்பர் முத்திரை பதிந்திருந்தது. காற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

முதலில், உட்கார்ந்தே இருக்காதே. ஒற்றைப்படை நிலையங்களை நான் நின்றுகொண்டு எழுதுவேன், இரட்டைப்படையை உட்கார்ந்து. பார்ப்பவர்கள் எனக்கு மூலம் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

இரண்டாவது, எண்ணை எண்ணாகப் பார்க்காதே. எனக்கு ஒவ்வொரு நிலையமும் ஒரு குணம். மூன்று அவசரக்காரன், சாரல் விழுந்தாலே ஏறிவிடுவான். ஒன்பது கல்லுளிமங்கன், புயலே வந்தாலும் அசைய மாட்டான்.

மூன்றாவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போன் அடித்ததும், எடுப்பதற்கு முன், அந்த நிலையத்து ஆள் சொல்லப் போகும் எண்ணை நானே ஊகித்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவிடுவேன். பிறகுதான் எடுப்பேன். ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் எனக்கு ஒரு மதிப்பெண். நேற்று தொண்ணூற்றிரண்டுக்கு அறுபத்தொன்று. இதைத் தொடங்கிய பிறகு மணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் மனசு ஒரு துள்ளு துள்ளும். மூன்றிலிருந்து ஐந்து வரை, ஊகம் ஏன் தப்பியது என்று யோசிப்பேன். நேரம் போய்விடும்.

தூக்கம் வந்தால் பிடரியில் தண்ணீர் வை. எண் கலைந்தால் வாய்விட்டுப் படி.

பசியோடு இருக்காதே.

அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம்தானே?

நீ எழுதியதை இங்கே சாமான் கிடங்கில் மேசை வேலை பார்க்கும் ஒரு நண்பனிடம் சொன்னேன். அவனுக்குத்தான் கேட்டேன். ஊகிக்கும் விளையாட்டு அவனுக்குப் பிடித்திருக்கிறது. நின்றுகொண்டு எழுதுவதும் பரவாயில்லையாம். பிடரியில் தண்ணீர் வைத்துச் சட்டையை நனைத்துக்கொண்டுவிட்டான்.

அவன் ஒன்று கேட்கச் சொன்னான். பதினேழு வருஷம் ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள், வெளியில் போய் ‘இன்ன வேலை பார்க்கிறேன்’ என்று சொல்லும்போது குரல் தாழாமல் எப்படிச் சொல்கிறாள்?

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். நண்பன் விஷயம் அவளுக்கு எதற்கு?

தம்பி


ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் சுகம். மழை பிடித்துக்கொண்டது.

உன் நண்பனின் கேள்விக்கு இன்று பதில் எழுத மனம் ஒருநிலையில் இல்லை. ஒரு விஷயம் குடைகிறது. பதினான்காம் நிலையத்தில் எனக்கு எப்போதும் பாதிதான் சரியாக வரும். ஆறு நாளாக நான் ஊகித்து எழுதும் எண்ணையே அங்குள்ள ஆள் சொல்கிறார். இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு.

முதல் நாள் சந்தோஷப்பட்டேன். இப்போது நம்ப முடியவில்லை. ஆறு என்ன, என் சொல் கேட்டா ஓடுகிறது?

மறுபடி எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்தித்தாளில் வெள்ளம் என்று பார்த்திருப்பாய்.

பதினான்கு என்பது ஒரு கிளையாற்றின் கடைசி நிலையம். மேலே பதின்மூன்றும் ஓர் அணையும் இருக்கின்றன. பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் காட்டோடை ஒன்று வந்து சேர்கிறது. மழை இல்லாத நாளில், பதின்மூன்றின் எண்ணிலிருந்து எண்பது சென்டிமீட்டர் கழித்தால் பதினான்கு வந்துவிடும். என் ஊகம் அதுதான். ஆனால் மழை பெய்தால் ஓடை புகுந்து அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். எட்டாம் தேதியோடு மூன்று நாளாகக் கனமழை. கணக்கு கலையவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. என்னைப் போலவே பதின்மூன்றைக் கேட்டுக் கழித்துச் சொல்கிறார்.

ஒன்பதாம் தேதி காலை என் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பதினான்கில் மூன்று மீட்டர் நாற்பதுதான் இருப்பதால் இடமிருக்கிறது, மாலை ஐந்து மணிக்கு அணையின் மதகு திறக்கப்படும். அபாயக் கோடு ஐந்து மீட்டர். அந்த நிலையத்துக்குக் கீழே கரையோரமாக முந்நூறு வீடுகள்.

அளவுகோலிடம் போனேன். “சார், பதினாலு சொல்றது நிஜ அளவு இல்லை” என்றேன்.

“எப்படித் தெரியும்?”

“நான் நினைச்சதையே சொல்றார்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எண் வந்துச்சா? எழுதினீங்களா? உங்க வேலை அத்தோட முடிஞ்சுதும்மா.”

பதினான்கைக் கூப்பிட்டேன். விதியை மீறி முதல் முறையாக, “அண்ணே, படியிறங்கிப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “மூணு நாற்பதும்மா” என்றார், வைத்துவிட்டார்.

பதினொரு மணிச் சுற்றை முடித்தேன். பக்கத்து அறைத் தட்டச்சுக்காரியை என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துப் பேருந்து ஏறினேன். ஒன்றே முக்கால் மணி நேரம். தம்பி, சொன்னால் நம்ப மாட்டாய், பதினேழு வருஷமாக நான் எழுதும் அந்தக் கிளையாற்றை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். செம்மண் நிறத்தில், சத்தமே அதிகமில்லாமல், கனமாகப் போய்க்கொண்டிருந்தது.

பதினான்கு ஒரு சின்னத் தகரக் கொட்டகையில், முழங்காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதுமே யாரென்று தெரிந்துகொண்டு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கம்பத்துக்கு இறங்க நாற்பத்திரண்டு படி. பன்னிரண்டு நாளுக்கு முன் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார்.

“ஏண்ணே சொல்லலை?”

“யார்கிட்டம்மா சொல்றது? ஒன்பது வருஷமா நீ ‘சொல்லுங்க’ன்னு கேட்பே, நான் எண்ணைச் சொல்வேன். வேற என்ன பேசியிருக்கோம்? ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருஷம். இப்ப அனுப்பிட்டா எங்க போவேன்?”

செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இறங்கினேன். நாற்பத்திரண்டு படிகளில் பாதிகூட இறங்க முடியவில்லை, மிச்சம் தண்ணீருக்குள். கம்பத்தின் எண்ணை மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன்.

சரியாக இரண்டு மணிக்கு என் மேசைக்கே போன் செய்தேன். “பதினாலு. நாலு மீட்டர் எழுபத்தஞ்சு.” தட்டச்சுக்காரி திருப்பிச் சொன்னாள், “பதினாலு. நாலு மீட்டர்…” என்று நிறுத்திவிட்டு, “அக்கா, நீங்களா?” என்றாள். “எழுது, கையோடு மாடிக்கு ஓடு” என்றேன்.

மதகைத் திறக்கவில்லை. ஓடை வடிந்த பிறகு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். நான் நான்கு மணி வரை அங்கேயே நின்று கால்மணிக்கு ஒரு முறை எண் சொன்னேன். நாலு எண்பத்தாறு வரை ஏறி, நின்று, இறங்கியது. எதிர்க்கரையில் ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குரல் தாழாமல் எப்படிச் சொல்வது என்று உன் நண்பன் கேட்டானே, எனக்கு அதற்கு வழியேதும் தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் இருந்தவள், “எங்க வேலை பார்க்கிறீங்க?” என்றாள். “ஆற்றுக் கணக்கு என் கையில” என்றேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

நடந்ததை நடந்தபடி அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு பொய் சொன்னதையும் எழுதினேன். ஒன்பது வருஷமாக நான் அவரிடம் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டதில்லை என்பதையும் எழுதினேன். விசாரணை இருக்கிறது.

சாப்பிட்டுத் தூங்கு.

அக்கா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்காவது முறை மேசைக்கு முன்னால் எழுந்து நின்று படித்தேன். நீ நன்றாக இருக்கிறாயா? வழுக்கும் படியில் வெறுங்காலோடு இறங்க உனக்கு யார் தைரியம் கொடுத்தது?

நண்பன் யாருமில்லை. உனக்கு அது ஜூன் மாதமே தெரியும் என்று எனக்கும் தெரியும். கேட்காமல் பதில் மட்டும் எழுதினாய் பார், அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி, மேலே கிரேன் கூண்டில் இருக்கும்போது தலை சுற்றியது. வானமும் தரையும் இடம் மாறின. கொக்கியில் ஓர் இரும்புச் சட்டம் தொங்குகிறது, கீழே பதினோரு பேர். கண்ணை மூடிக்கொண்டு கையின் பழக்கத்தால் அதை இறக்கி வைத்தேன். பிறகு ஏணியில் இறங்க ஒரு மணி நேரம் ஆனது. காதுக்குள் சமநிலைக் கோளாறாம். “இனி ஏணியே வேண்டாம்” என்றார் மருத்துவர்.

இப்போது கிடங்கில் மேசை. சாமான் தூக்கும் கொக்கி, சங்கிலி, கம்பிவடம் எல்லாம் என் முன்னால் வரும். எண்ணைப் பார்த்து, தேதியைப் பார்த்து, பொருளைத் தடவிப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். நாளொன்றுக்கு நூற்று நாற்பது. எதிரே சுவர். முதல் மாதம் அழுகையாக வந்தது அக்கா. பொம்மை என்று சிரித்தவன் நான்.

உன் வெள்ளக் கடிதம் வந்த மறுநாள் மேஸ்திரி ஒரு கட்டுத் தாளோடு வந்தார். “இந்த வாரத்துக்கு எல்லாத்துக்கும் மொத்தமா கையெழுத்தைப் போட்டுடு, நேரமில்லை” என்றார்.

“சாமானைக் கொண்டு வாங்க, போடறேன்” என்றேன்.

“பழைய ஆள் இப்படியெல்லாம் பண்ணதில்லை” என்று சொல்லிவிட்டு, பிறகு தலையைச் சொறிந்தார். “உண்மையைச் சொன்னா, அந்தம்மாவும் இதையேதான் சொல்லும்.”

அப்போதுதான் தெரிந்தது, பத்தொன்பது வருஷமும் இந்த மேசையில் இருந்தது ஓர் அம்மாள். இந்த மார்ச்சில்தான் ஓய்வு பெற்றார். பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். நான் தூக்கிய ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவருடைய சின்னக் கையெழுத்து. அதை நம்பித்தான் நான் மேலே காற்று வாங்கியிருக்கிறேன். யார் போடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று இரண்டு கம்பிவடங்களை ஒதுக்கினேன். உள்ளே இழை அறுந்திருந்தது. மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவற்றை வெட்டிப் போட்டேன், மறுபடி யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. ஊர் முழுக்க என்னை மேலே ஏற்றி வைத்திருக்கிறாள். கீழே இறங்கிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் தம்பி


ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே எல்லோருக்கும் சுகம், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. தலைச்சுற்றலுக்கு மருந்தை விடாமல் சாப்பிடு.

விசாரணை முடிந்தது. வந்த பெரிய அதிகாரி, “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார். என் துண்டுக் காகிதங்களைப் பிஸ்கட் டப்பாவோடு அவர் முன் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“வேலை நேரத்துல விளையாடியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“எவ்வளவு நாளா?”

“நாலு வருஷமா.”

டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வேலையே போகப் போகிறது என்று அத்தான் இரண்டு நாள் வீட்டுச் செலவுக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு புதுப் படிவம் அச்சாகி வந்தது. எண் எழுதும் கட்டத்துக்கு இடப்பக்கம் புதிதாக ஒரு கட்டம்: ‘எதிர்பார்த்த அளவு.’ இனி எல்லா ஆறுகளிலும், என்னைப் போல் உட்கார்ந்திருக்கும் எல்லோரும், எடுப்பதற்கு முன் ஊகித்து எழுத வேண்டுமாம். அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்தேன் தம்பி. என் பெயர் அதில் இல்லை. ஆனால் அது என் கட்டம்.

பதினான்குக்கு ஒரு கண்டனக் கடிதம், வேலை தப்பியது. அளவுகோலே போய்ப் பேசியிருக்கிறார், யாரும் எதிர்பார்க்கவில்லை. இப்போது பதினான்கு என் எதிரே உட்கார்ந்து பாதி அழைப்புகளை எடுக்கிறார். சுவருக்குப் பதில் அவர் முகம். மாதத்தில் ஒரு வாரம் நான் நிலையங்களைப் போய்ப் பார்த்து வர வேண்டும். வேலை இனித்துவிட்டது என்று நினைக்காதே. மூன்று மணிக்குக் கடிகாரம் இன்னும் உட்காரத்தான் செய்கிறது.

உன் கடிதத்தை அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். வெகு நேரம் வரவில்லை. நான் பயந்துபோனேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “பேனாவை எடு, நான் சொல்றதை எழுது. ஒரு வார்த்தையை மாத்தக் கூடாது” என்றாள். மாற்றவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 20, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது

கண்ணு, நல்லா இருக்கியா? நான் இன்னைக்குத்தான் நல்லா இருக்கேன்.

நீ கூண்டுக்குள்ள உட்கார்ந்த மாதிரி ஒரு போட்டோ அனுப்பினே இல்லே, பத்து வருஷம் முன்னாடி? அதை அலமாரியில குப்புறப் போட்டு வச்சிருக்கேன். ஒரு தடவைகூட முழுசாப் பார்த்ததில்லை. காலையில காத்தடிச்சு ஜன்னல் ஆடினா சாமி படத்துக்கு விளக்கேத்துவேன். தெருவெல்லாம் பெருமை பேசினேன்னு உனக்குத் தெரியும். பெருமையாப் பேசிட்டே இருந்தா பயம் வாயை மூடிட்டு இருக்கும்னு பேசினேன். வேற என்ன செய்யறது? உன்னை இறங்குன்னு சொன்னா நீ கேட்பியா?

மரமோ தொட்டியோ, அதைத் தூக்கறவனுக்கு என்ன தெரியும்? அறுந்த கம்பியை ஒதுக்கினவனைத்தான் கீழே நிக்கிற பதினோரு பேரைப் பெத்தவங்களும் கும்பிடணும். உன் மேசையில முன்னாடி இருந்த அந்தம்மா எங்கே இருக்காங்கன்னு விசாரி. இருந்தா நேர்ல போய், ‘எங்கம்மா சொல்லச் சொன்னாங்க’ன்னு ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டு வா.

மேஸ்திரி முகத்தைத் தூக்கினா தூக்கட்டும். உன் நாற்காலிக்கு முதுகு சாய இடம் இருக்கா? இல்லைன்னா கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. எதிர் வீட்டுல இப்பவே போய்ச் சொல்லிட்டேன், என் மகன் கையெழுத்துப் போடாம அங்க ஒரு துரும்புகூட மேலே ஏறாதுன்னு.

அம்மா